கடைக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றுவது எப்படி? டெல்டா பகுதிச் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் எடுத்தல், இணையவழி விண்ணப்பங்கள், சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றுக்காக ஒரு சிறிய கடை நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுபோனதால், கடையிலிருந்த மூன்று கணினிகளையும் அடுத்த மாதமே விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். மேசைக் கணினி ஒரே மாலையில் மாறியது. மடிக்கணினி இரண்டு நாள் முடங்கிக் கிடந்தது. பழைய பில்லிங் கணினியோ மாறவே முடியாத வகையைச் சேர்ந்தது என்பது பாதி வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

மடிக்கணினி முடங்கிய நாள் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் குவிந்திருந்த நவம்பர் இரண்டாம் வாரம். நீல நிறத் திரை ஒன்று 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றது. கோட்டூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்திருந்த பெரியவர் ஒருவர், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் நகல் ஆகியவற்றை நெகிழி உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "தம்பி, நாளைக்குத்தானே கடைசி நாளு? இன்னைக்குள்ள ஏத்திரலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரை அடுத்த தெருக் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி இன்னொரு கடையில் எழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மேம்படுத்தும் வேலை கடினமானதன்று. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை தவறும்போதுதான் தொல்லை வருகிறது.

1. உங்கள் கணினி மாறக்கூடியதா என்று பாருங்கள்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு, யுஇஎஃப்ஐ என்னும் புதிய வகைத் துவக்கம், நம்பகமான நிரல்களை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இவற்றுடன், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் உங்கள் கணினியின் ப்ராசசரும் இருக்க வேண்டும். இன்டெல் கோர் வகை என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐ5 என்பதற்கு அடுத்து வரும் எண் 8250 என்றால் 8-ஆம் தலைமுறை. 7200 என்றால் 7-ஆம் தலைமுறை. 4460 என்றால் 4-ஆம் தலைமுறை. ஏஎம்டி ரைசன் வகையில் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே வரிசைக்குள்ளேயே சேர்ந்தவையும் சேராதவையும் இருக்கின்றன.

கையால் கணக்கிடுவதைவிட, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை நிறுவி ஒரு பொத்தானை அழுத்துவதே சரியான வழி. எந்தத் தகுதி இல்லை என்பதை அது தனித்தனியாகக் காட்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிபிஎம் இல்லை என்று செயலி சொன்னால் சில்லே இல்லை என்று பொருளாகாது. பல மேசைக் கணினிகளில் அந்த வசதி பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். என் மேசைக் கணினியும் அப்படித்தான் இருந்தது. புதுக் கணினி வாங்கச் சொல்லி ஒருவர் விலைப்பட்டியலே கொடுத்துவிட்டார். பயாஸில் ஒரு வரியை மாற்றியதும் தகுதி கிடைத்தது. ப்ராசசர் பட்டியலில் இல்லை என்று வந்தால் மட்டுமே அது உண்மையான தடை.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதற்குள் 'அபௌட்' என்ற இடத்தில், உங்கள் விண்டோஸ் 32-பிட்டா 64-பிட்டா என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. 32-பிட் விண்டோஸ் 10-ஐ இருக்கும் கோப்புகளோடும் மென்பொருள்களோடும் அப்படியே மாற்ற முடியாது. வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும்.

அரிசி ஆலை, உரக்கடை, நகைக்கடை கணக்குகளை இன்னமும் பழைய டாஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் போடுவோர் நம் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவற்றில் 16-பிட் மென்பொருள்கள் 32-பிட் விண்டோஸில் ஓடும். 64-பிட்டில் நேரடியாகத் திறக்கவே திறக்காது. என் மூன்றாவது கணினியில் இருந்தது அத்தகைய பில்லிங் மென்பொருள்தான். டாஸ்பாக்ஸ் போன்ற இலவசச் செயலிக்குள் சிலவற்றை ஓட்டலாம் என்றாலும், டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு அங்கிருந்து பில் சரியாகப் போகிறதா என்பதை வேறொரு கணினியில் சோதித்துப் பார்க்காமல் பழையதைத் துடைத்துவிடாதீர்கள்.

2. மாறாது என்றால் உங்களுக்குள்ள வழிகள்

முதல் வழி, விண்டோஸ் 10-ஐ வைத்துக்கொண்டே நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு மேம்படுத்தல் திட்டத்தில் சேர்வது. தனிநபர் கணினிகளுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்நுழைந்து, 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் தோன்றும் 'என்ரோல்' இணைப்பை அழுத்த வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையெனில் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலரையோ கொடுக்கலாம். ஒரு கணக்கின் கீழ் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். நிறுவனங்களுக்கான திட்டம் வேறு. அதில் ஒரு கணினிக்கு முதல் ஆண்டுக் கட்டணமே 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இந்தச் சேர்க்கை நிரந்தரத் தீர்வாகாது. புதுக் கணினிக்குப் பணம் சேர்ப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறுவது. கடிதம் தட்டச்சு, இணையம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு இது நன்றாகப் போதும். தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் முதல் ஆண்டுகளில் வந்தவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. அவற்றை வீட்டில் வைத்திருப்போருக்கு இந்த வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழை வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கன், டேலி கணக்கு மென்பொருள் ஆகியவற்றை நம்பி நடக்கும் கடைக்கு இது ஒத்துவராது.

மூன்றாவதாக ஒரு வழியைக் கடைகளில் சொல்வார்கள்: தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவது. தொழில்நுட்ப அளவில் அது நடக்கும். ஆனால் அப்படி ஏற்றப்பட்ட கணினிக்கு மேம்படுத்தல்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. பாதுகாப்புக்காகத்தான் மாறுகிறோம் என்றால், அந்தப் பாதுகாப்புக்கு உறுதி இல்லாத வழியில் போவதில் பொருளில்லை. மற்றவர்களின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் தட்டச்சு செய்யும் கணினியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'ஆக்டிவேட்டர்' போட்டு விண்டோஸைச் செல்லுபடியாக்கித் தருவதாகச் சொல்வோரிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். கடவுச்சொல்லைத் திருடும் நிரல்கள் அந்த வழியாகவே பெரும்பாலும் உள்ளே வருகின்றன.

3. நாளைத் தேர்ந்தெடுங்கள்

நான் செய்த பெரிய பிழை நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததே. நம் பகுதிக் கடைகளுக்கு வேலை ஒரே சீராக வருவதில்லை. குறுவைக்காக மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-ஐ ஒட்டி விவசாயக் கடன் விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் சம்பாப் பயிர்க் காப்பீடு. தை பிறந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கான இணையவழிப் பதிவு. மார்ச்சில் கணக்கு ஆண்டு முடிவு. மே மாதத்தில் தேர்வு முடிவுகளும், அவற்றைத் தொடர்ந்து கல்லூரிச் சேர்க்கையும், அதற்கான சாதி, வருமானச் சான்றிதழ் விண்ணப்பங்களும். இவற்றுக்கிடையே, ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்போருக்கு ஒவ்வொரு மாதமும் தாக்கலுக்குக் கடைசி நாள்களான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுத்தைப் பிடிக்கும்.

இவையெல்லாம் போக மிஞ்சுவது சித்திரை நடுவில் இரண்டு வாரங்களும், ஆடி, ஆவணியில் 21-ஆம் தேதிக்குப் பிந்தைய நாள்களும்தான். ஏப்ரல் 21-க்கும் மே முதல் வாரத்துக்கும் இடையில் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மற்ற மாதங்களிலும், மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்த அறிவிப்பை நாளிதழில் பார்த்துவிட்டே நாளைக் குறியுங்கள்.

ஒரு கணினிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எஸ்எஸ்டி என்னும் வேகமான வட்டு உள்ள கணினியில் மேம்படுத்தல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நான்கு மணி நேரமும் ஆகும். அதற்குப் பிறகு கருவிகளைச் சோதிப்பதற்குத்தான் மீதி நாள். இரண்டு கணினிகளை ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்று நின்றால் மற்றொன்று ஓட வேண்டும்.

4. எண்களையும் ஆவணங்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் என் மடிக்கணினி முடங்கியது. ஆகையால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு முதல்முறை திறக்கும்போதே வட்டு தானாகப் பூட்டாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர்; ப்ரோ பதிப்பில் 'பிட்லாக்கர்'. சாதாரண நாள்களில் இப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரியாது. பயாஸைப் புதுப்பித்தாலோ, செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ, வேறொருவர் கணினியைத் திறக்க முயல்வதாகக் கருதி, 48 இலக்க மீட்புக் குறியீட்டை அது கேட்கிறது. நான் விண்டோஸ் 11-க்கு முன்னேற்பாடாகப் பயாஸைப் புதுப்பித்தேன். மறுதொடக்கத்தில் அந்த நீலத் திரை வந்தது.

மீட்புக் குறியீடு, கணினியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். என் மடிக்கணினியை வாங்கிய நாளில், விற்ற கடையிலிருந்த இளைஞர் தம்முடைய மின்னஞ்சலிலேயே ஒரு கணக்கைத் திறந்து அமைத்துக் கொடுத்திருந்தார். அவர் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறார். அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து, அவர் பழைய கடவுச்சொல்லை மீட்டு, குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பியபோது மூன்றாம் நாள் காலை ஆகியிருந்தது. காப்பீட்டு விண்ணப்பங்களுக்கான இரண்டு நாள் வருமானம் போனதைவிட, வழக்கமாக என்னிடமே வருவோரைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்கு வருத்தம்.

எனவே, வேறு எதையும் தொடும் முன், 'செட்டிங்ஸ்' பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் 'டிவைசஸ்' என்ற இடத்தில் மீட்புக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால், அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். கிடைத்ததும் 48 இலக்கங்களையும் அச்செடுத்து, அதோடு உள்ள அடையாள எண்ணையும் சேர்த்து நோட்டில் ஒட்டுங்கள். அந்தக் கணினியிலேயே கோப்பாகச் சேமிப்பது பயன்படாது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்தது போலாகும்.

அதே நோட்டில் எழுத வேண்டியவை இன்னும் சில உண்டு. டேலி வைத்திருந்தால் அதன் வரிசை எண்ணும், பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியும். அந்த மின்னஞ்சல் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் பெயரும், அது முடியும் தேதியும். கைரேகைக் கருவியின் மாதிரி, வரிசை எண், வாங்கிய பில். அச்சுப்பொறிகளின் சரியான மாதிரி எண்கள். வைஃபை கடவுச்சொல். விண்டோஸ் செல்லுபடியாகி உள்ளதா என்பதையும் 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகிய விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறக் கட்டணம் எதுவும் இல்லை. பழைய விண்டோஸ் 7 உரிம எண்ணை வைத்துக்கொண்டு இலவசமாக மாறும் வழி 2023-இல் மூடப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

5. நகல் எடுங்கள், தமிழ் எழுத்துருக்களை மறக்காதீர்கள்

கோப்புகளை அப்படியே வைத்து மேம்படுத்தும் முறையில் எதுவும் அழியக் கூடாது. ஆனாலும் நகல் இல்லாமல் இறங்காதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் முழுதாக நகலெடுங்கள். நம் கடைகளில் முக்கியமான பாதிக் கோப்புகள் டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான் கிடக்கும். டேலி தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை மென்பொருளுக்குள் பார்த்து, அதைத் தனியாக எடுங்கள். நகலெடுத்ததோடு நிற்காமல், இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் டேலியில் உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட வேண்டும். மறந்துவிட்டால் பதிவு செய்த மின்னஞ்சல் வழியாக மீட்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

திருமண அழைப்பிதழ், மனுக்கள், கோயில் விழாத் துண்டறிக்கை ஆகியவற்றைத் தட்டச்சு செய்வோருக்கு ஒரு தனிச் சொல். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போகும். ஆகவே 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். தட்டச்சுக்கு நிறுவியிருக்கும் மென்பொருளின் நிறுவல் கோப்பும் கையில் இருக்கட்டும். யூனிகோடில் அடிப்போருக்குக் கவலை குறைவு. தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகை முறைகள் விண்டோஸ் 11-இலேயே இருக்கின்றன.

6. பயாஸில் கை வைக்கும் முறை

மடிக்கணினிகளில் இந்தப் படி பெரும்பாலும் தேவைப்படாது. மேசைக் கணினிகளில் மட்டும் தேவைப்படலாம். வட்டு பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தால், பயாஸுக்குள் போகும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்; ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டவிழ்ப்பு முழுதும் முடியும்வரை காத்திருங்கள்.

டிபிஎம் வசதி இன்டெல் கணினிகளில் 'பிடிடி' என்ற பெயரிலும், ஏஎம்டி கணினிகளில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரிலும் இருக்கும். அதை இயக்கிச் சேமித்துவிட்டு, விண்டோஸுக்குள் வந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' செயலியைத் திறங்கள். அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் 'லெகசி' (பழைய வகைத் துவக்கம்) என்று இருந்தால் ஒரு வேலை மீதி இருக்கிறது: வட்டின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் அமைப்பை எம்பிஆர் என்னும் பழைய வகையிலிருந்து ஜிபிடி என்னும் புதிய வகைக்கு மாற்ற வேண்டும். இங்கே வரிசை மிக முக்கியம். முதலில் வட்டை மாற்ற வேண்டும்; பிறகுதான் பயாஸில் யுஇஎஃப்ஐ-யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் துவக்க வட்டு இல்லை என்று கணினி நிற்கும். அப்படி நின்றால் பதற்றப்பட்டு ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். பயாஸில் மறுபடியும் லெகசிக்கு மாற்றினால் பழையபடி திறக்கும்.

வட்டை மாற்றுவதற்கான 'எம்பிஆர்2ஜிபிடி' என்னும் கருவி விண்டோஸ் 10-இலேயே உள்ளது. முதலில் அதன் 'வேலிடேட்' கட்டளையைக் கொடுத்துச் சோதியுங்கள். சோதனை தேறினால் மட்டும் 'கன்வர்ட்' கட்டளையைக் கொடுங்கள். வட்டில் ஏற்கெனவே நான்கு முதன்மைப் பிரிவுகள் இருந்தால் சோதனை தேறாது. கட்டளைகளை அடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு படியை மட்டும் தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள். நான் அதற்கு 300 ரூபாய் கொடுத்தேன், அது சரியான செலவுதான்.

ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால், இந்த இடத்திலேயே எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். விண்டோஸ் 11 ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடும். ஆனால் திறந்து வேலைக்கு வருவதற்குள் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். பழைய வட்டை அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுத்துக்கொண்டால், அந்தப் பழைய வட்டே உங்களுக்கு முழு நகலாகவும் அமையும். விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டு, பில்லோடு வாங்குங்கள்.

7. பதிவிறக்கம்

விண்டோஸ் 11 நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரம்புள்ள கைப்பேசி இணையத்தில் இதைத் தொடங்கினால் பாதியில் வேகம் விழுந்து, நாள் முழுதும் அங்கேயே நிற்கும். ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டிலோ கடையிலோ முந்தைய இரவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் சொந்தப் பக்கத்தில் உள்ள 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவில் நேரடியாக உருவாக்குவது நல்லது. அந்த பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதைக் கொடுங்கள். நிறுவல் கோப்பைத் தனியாகப் பதிவிறக்கி பென் டிரைவில் நகலெடுத்து வர நினைப்போர், 'ஃபைல் டூ லார்ஜ்' என்ற பிழையைக் காண்பார்கள். பென் டிரைவில் இடம் இல்லாததால் வரும் பிழை அல்ல அது. ஃபேட்32 வகையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் வகையில் ஃபார்மட் செய்தால் ஏற்கும்.

8. மேம்படுத்தும் நேரத்தில்

சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். கைரேகைக் கருவி, டோக்கன், வெப்கேமரா, அச்சுப்பொறி, கூடுதல் பென் டிரைவ் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். விசைப்பலகையும் மவுஸும் மட்டும் போதும். தனியாக வாங்கி நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணினிக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். கடைகளில் வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், இந்த வேலை மணிக்கணக்கில் ஓடும். மடிக்கணினி என்றால் முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரிலும் போட்டு வையுங்கள்.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து 'செட்டப்' கோப்பை இயக்குங்கள். 'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்ற பொருள்படும் தெரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை 'இன்ஸ்டால்' அழுத்தும் முன் இரண்டு முறை பாருங்கள். பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினால் அந்தத் தெரிவே வராது. அது துடைத்து நிறுவுவதற்கான வழி.

இடையில் பல முறை மறுதொடக்கம் ஆகும். சதவீதம் ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்கும். வட்டின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை பொறுத்திருங்கள். பொத்தானை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். தோல்வியடைந்தால் கணினி தானாகவே விண்டோஸ் 10-க்குத் திரும்பி ஒரு பிழை எண்ணைக் காட்டும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் போதவில்லை. 1900101 என்று முடிந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், தடுக்கிறது. காட்சி, வைஃபை டிரைவர்களைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள். 1900208 என்றால் ஒத்துவராத மென்பொருள் ஒன்று இருக்கிறது.

9. மாறியதும் சோதிக்க வேண்டியவை

திரை அழகாக வந்துவிட்டது என்று கடையைத் திறந்துவிடாதீர்கள். காலியாக இருக்கும் நேரத்திலேயே ஒவ்வொரு கருவியாக இணைத்து, ஒரு முழு வேலையைச் செய்து பாருங்கள்.

கைரேகைக் கருவிக்கு அதன் நிறுவனத் தளத்திலிருந்து டிரைவரையும், ஆதார் சரிபார்ப்புக்குக் கருவியைப் பதிவு செய்யும் 'ஆர்டி சர்வீஸ்' மென்பொருளையும் புதிதாக நிறுவி, உங்கள் விரலையே வைத்துச் சோதியுங்கள். பழைய எல்0 வகைக் கருவிகளை ஆதார் ஆணையம் விலக்கி எல்1 வகைக்கு மாற்றியிருப்பதால், கருவி வேலை செய்யாததற்கு விண்டோஸ் காரணமா, கருவியின் வகை காரணமா என்பதைப் பிரித்துப் பாருங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கனில் மிகுந்த கவனம் வேண்டும். டோக்கன் மென்பொருளை மறுபடி நிறுவியபின் கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அந்த மென்பொருளில் தெரியும் 'இனிஷியலைஸ்' என்ற பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். உள்ளிருக்கும் சான்றிதழ் அழிந்துவிடும், புதிதாகப் பணம் கட்டி வாங்க வேண்டிவரும். ஆவணத்தில் கையொப்பம் இட்டுப் பார்த்தால் சோதனை முடிந்தது.

அச்சுப்பொறிக்கு விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரில் அச்சு வரும், ஆனால் தாளளவும் இருபக்க அச்சும் மாறியிருக்கலாம். நிறுவனத்தின் 64-பிட் டிரைவரை நிறுவி, ஆதார் அட்டை அளவில் ஒன்று, லீகல் அளவுத் தாளில் ஒன்று என அச்செடுத்து அளந்து பாருங்கள். டேலியைத் திறந்து உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இல்லாத கல்வி முறையில் ('எஜுகேஷனல்') திறந்தால் மறுபடி உள்நுழைந்து செயல்படுத்த வேண்டும். பாமினியில் அடித்த பழைய அழைப்பிதழ் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

10. அடுத்த பத்து நாள்

மேம்படுத்திய நாளிலிருந்து பத்து நாள் வரை, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரெகவரி' என்ற இடத்திலுள்ள 'கோ பேக்' வழியாக விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். பழைய இயங்குதளம் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் இருப்பதால்தான் இது முடிகிறது. இடம் குறைகிறதே என்று 'டிஸ்க் கிளீனப்' ஓட்டி அந்தக் கோப்புறையை அழித்துவிட்டால், மூன்றாம் நாளே ஆனாலும் திரும்பும் வழி இல்லை. கடையின் எல்லா வகை வேலைகளும் ஒரு முறையாவது இந்தப் பத்து நாளுக்குள் நடந்துவிடுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் 21-ஆம் தேதிக்குப் பின் மாற்றினால், ஜிஎஸ்டி தாக்கல் இந்தக் கெடுவுக்குள் வராது. எனவே தாக்கல் தளத்தில் உள்நுழைந்து, டோக்கன் அங்கே தெரிகிறதா என்பதையாவது முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பதினோராம் நாள், எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியானபின், டிவைஸ் என்கிரிப்ஷன் மறுபடி இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புக் குறியீடு புதிதாக மாறியிருக்கக்கூடும். நோட்டில் ஒட்டிய பழைய தாளில் குறுக்குக் கோடு போட்டு, புதிய 48 இலக்கங்களை அச்செடுத்து அதன் கீழே ஒட்டி, தேதியும் போட்டு வையுங்கள். என் நோட்டு இப்போது கல்லாப் பெட்டியில் இருக்கிறது.